இலவசத்துக்கு யார் பில் கட்டுறது?

இணையத்துல எல்லாம் ஓசிதானேன்னு படிச்சிட்டுப் போயிடறோம். ஆனா அந்த ஓசிக்கும் யாரோ பில் கட்டுறாங்க.

இந்தக் கணக்கு 1994 அக்டோபரில் தொடங்கியது. அமெரிக்காவின் ஹாட்வயர்டு தளம் தன் பக்கத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரத்தைப் போட்டது. படிக்கிறவருக்கு இலவசம், செலவு விளம்பரதாரருக்கு. நல்ல ஏற்பாடுதான்.

கெடுத்தது பேராசை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ட்ரைபாட் தளத்தில் இருந்த ஈத்தன் சக்கர்மேன், விளம்பரத்தைத் தனி சன்னலில் திறக்க நிரல் எழுதினார். அதாங்க, பாப்-அப்! (2014ல் இதுக்காக பகிரங்கமா மன்னிப்பும் கேட்டார் மனுஷன்.) அப்புறம் என்ன, ஒண்ணை மூடினா மூணு திறந்துச்சு.

பொறுக்க முடியாத ஜனங்களுக்கு 2002ல் ஆயுதம் கிடைத்தது. டென்மார்க்கில் ஹென்ரிக் சோரன்சன் என்ற மாணவர், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் ஆட்பிளாக் எழுதினார். 2006ல் விளாடிமிர் பலான்ட் அதை ஆட்பிளாக் பிளஸ்ஸாகத் திருத்தி எழுதினார்.

இங்கேதான் சிக்கல். விளம்பரம் வரும் முகவரிகளின் பட்டியலை வெச்சுக்கிட்டு மொத்தமா தடுக்கிற கருவி இது. தொல்லை பண்றவன், ஓரமா ஒரே ஒரு விளம்பரம் போட்டவன்ங்கிற பேதமெல்லாம் பெரும்பாலும் கிடையாது.

"நான் எப்படியும் க்ளிக் பண்ண மாட்டேனே, தடுத்தா என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். 2010 மார்ச்சில் ஆர்ஸ் டெக்னிகா தளம் இதற்குப் பதில் சொன்னது. தடுப்பான் வைத்திருந்தவர்களுக்கு 12 மணி நேரம் கட்டுரைகளையே மறைத்து வைத்தார்கள். பிறகு அதன் ஆசிரியர் கென் ஃபிஷர் விளக்கினார்: தங்களுக்குக் காசு க்ளிக்குக்கு இல்லை, விளம்பரம் காட்டப்படுவதற்கு. தடுத்தால் வருமானம் போச்சு, பக்கம் அனுப்பும் செலவு மட்டும் மிச்சம்.

2015 செப்டம்பரில் ஐஃபோனுக்கும் தடுப்பான்கள் வந்தன. மார்கோ ஆர்மென்ட் எழுதிய 'பீஸ்' விற்பனையில் முதலிடம் பிடித்தது. இரண்டே நாளில் அவரே அதை விலக்கிக்கொண்டார்! அடி வாங்கக் கூடாத சிலருக்கும் அடி விழுகிறது, மனசு ஒப்பவில்லை என்றார். கொட்டுற காசை வேண்டாம்னு சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

தொல்லையைத் தடுப்பது வாசகன் உரிமை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனா விளம்பர வருமானம் வத்தினா அடுத்து எழும்புறது கட்டணச் சுவர்தான். அப்போ காசுள்ளவன் உள்ளே, இல்லாதவன் வெளியே. தடுப்பான் இருக்கட்டும்ங்க. தினமும் நீங்க படிக்கிற, தொல்லை பண்ணாத தளத்துக்கு மட்டும் அணைச்சு வைங்க. ரெண்டு க்ளிக் வேலை.