கட்டட ஒப்படைப்பு (மதுரை வட்டாரம்)

கட்டட ஒப்படைப்பு என்பது, கட்டி முடித்த கட்டடத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து பெற்று, அதை அன்றாடம் இயக்கிப் பராமரிக்கப் போகிறவர்களிடம் சேர்க்கும் பணி. சைட்டில் இதை ‘ஹேண்டிங் ஓவர்’ என்பார்கள். சாவிக்கொத்து கைமாறுவது இதில் மிகச் சிறிய பகுதி. கட்டியபடி வரைந்த வரைபடங்கள், இயந்திரங்களின் உத்தரவாதச் சீட்டுகள், சோதனை அறிக்கைகள், உரிமங்கள், மீதமுள்ள குறைகளின் பட்டியல், இயக்குவோருக்கான பயிற்சி ஆகிய எல்லாமே கைமாற வேண்டும்.

மதுரையில் 2019 முதல் பெரிய பொதுக் கட்டடங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. அரசு இராசாசி மருத்துவமனையின் பல்துறை உயர் சிறப்புப் பிரிவு 2019 ஜனவரியிலும், புதுப்பித்த பெரியார் பேருந்து நிலையம் 2021 டிசம்பரிலும், புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையிலும், அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. இவற்றைக் கட்டியவர்கள், கட்டவைத்தவர்கள், நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு அமைப்பினர்.

யார் யாரிடம்

தமிழ்நாட்டு அரசுக் கட்டடங்களில் ஒப்படைப்பு ஒரே கையெழுத்தில் முடிவதில்லை. பொதுப்பணித்துறை ஒப்பந்ததாரரிடமிருந்து கட்டடத்தைப் பெறுகிறது. பிறகு கேட்ட துறையிடம் கொடுக்கிறது. ஆனால் கொடுத்த பிறகும் சிவில் பராமரிப்பும் மின் பராமரிப்பும் பெரும்பாலும் அதே பொதுப்பணித்துறையிடம்தான் இருக்கும். அதிலும் சிவிலுக்கு ஓர் உதவிப் பொறியாளர், மின்பிரிவுக்கு இன்னொருவர். கூட்டிப் பெருக்குவதும் காவலும் வெளி நிறுவனத்தின் கையில். லிப்ட், சில்லர், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு அவற்றை விற்ற நிறுவனத்தோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி.

கலைஞர் நூற்றாண்டு நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. அடித்தளம், தரைத்தளம், அதற்கு மேல் 6 மாடிகள். பரப்பு சுமார் 2.13 லட்சம் சதுர அடி. கட்டியது பொதுப்பணித்துறை, நடத்துவது பொது நூலக இயக்ககம். நூலகர் படித்தது நூலக அறிவியல். அவர் கையில் ஒரே நாளில் லிப்ட், குளிர்சாதன ஆலை, தீயணைப்பு பம்பு, சிசிடிவி, துணைமின் நிலையம் எல்லாம் வந்து சேருகின்றன. இவற்றில் எதையும் அவர் இயக்க வேண்டியதில்லை. ஆனால் நான்காம் மாடியில் ஏசி நின்றால் வாசகர் புகார் சொல்வது அவரிடம்தான். அந்தப் புகார் எந்தப் பிரிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், உதிரிப்பாகத்தின் செலவு யார் கணக்கில் என்பதை எழுத்தில் வைப்பதுதான் ஒப்படைப்பின் உயிர்நாடி. வழக்கத்தில் அது எழுத்தில் இருப்பதைவிடத் தொலைபேசி எண்ணாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய பொறியாளர் மாற்றலாகிப் போனால் ஏற்பாடும் அவரோடு போய்விடும்.

கட்டித் திறந்துவிட்டால் பராமரிப்பு தானாக நடந்துவிடாது என்பதற்குச் சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் சாட்சி. 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை 2011இல் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தது, உயர்நீதிமன்றம் தடுத்தது. பிறகு பராமரிப்புக்காகவும் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் மதுரையிலேயே உண்டு. 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கட்டவைப்பவரும் நடத்துபவரும் ஒரே நிர்வாகம். கருவிப் பராமரிப்புக்குச் சொந்த ஆட்கள் உண்டு. வெளியாருக்கும் அந்தப் பயிற்சியைத் தருகிறார்கள். கட்டும்போதே பராமரிக்கப் போகிறவர் உடனிருந்தால், ஒப்படைப்பு நாளில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது.

தேதியும் மழையும்

பொதுக் கட்டடத்தின் திறப்புத் தேதியை விழாதான் தீர்மானிக்கிறது. மதுரை நூலகத்துக்கு 2022 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 அன்று, 18 மாதத்தில், திறக்கப்பட்டது. வேகம் பாராட்டத்தக்கதே. ஆனால் எந்தக் கட்டடமானாலும் தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டால் நெருக்கப்படுவது கடைசி வேலையான இயக்கச் சோதனைதான். தளம் போடுவதைக் குறைக்க முடியாது. சோதனையைக் குறைக்கலாம், உடனே யார் கண்ணிலும் படாது.

மதுரைச் சமவெளிக்கு மழை முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். வெயில் காலத்தில் திறக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி, ஜன்னல் ஓரம், அடித்தளச் சுவர் ஆகியவற்றின் தரம் அந்த மழையில்தான் தெரியும். அதனால் இங்கே ஒப்படைப்புக்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனை, மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்துவது. வடிகுழாய் வாய்களை அடைத்து, தேவையான இடத்தில் சிமெண்டுக் கலவையால் வரப்பு வைத்து, இரண்டு மூன்று நாள் நீர் நிற்க விடுவார்கள். கீழ்த்தளத்தில் ஒருவர் டார்ச்சோடு கூரையின் அடிப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார். கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் வருவதில்லை. கைப்பிடிச்சுவர் சேரும் மூலையிலும், குழாய் துளைத்து இறங்கும் இடத்திலும் ஈரவட்டம் தெரியும். அடைப்பை எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. எங்கெங்கே நீர் தேங்கி நிற்கிறது என்று சாக்கட்டியால் குறிக்க வேண்டும். வாட்டம் சரியில்லாத இடம் அது. வழக்கமான செங்கல்ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு கொண்ட மேற்பூச்சானால், நீர் நிற்கும் இடத்தில் ஓட்டின் சந்து முதலில் விடும்.

மழை பெய்து ஒழுகினால் சரிசெய்ய வேண்டியவர் ஒப்பந்ததாரர். அதற்காகவே குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்றை ஒப்பந்தத்தில் வைத்து, பில் தொகையில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறார்கள். அந்தக் காலக்கெடு குறைந்தது ஒரு முழுப் பருவமழையையாவது உள்ளடக்க வேண்டும். பணி முடிந்த தேதியிலிருந்தா, திறப்பு விழாவிலிருந்தா, துறை உள்ளே வந்த நாளிலிருந்தா கெடு எண்ணப்படுகிறது என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும்

ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் உப்பும் கடினமும் கொண்டது. புதிய ஷவர், கீசர், சோலார் ஹீட்டர் குழாய் எல்லாம் சில மாதங்களிலேயே வெள்ளைப் படிவம் பிடித்துவிடும். எனவே சம்ப்பில் எந்த நீர், மேல்தொட்டியில் எந்தப் பகுதிக்கு மாநகராட்சி நீர், எதற்குப் போர் நீர் என்று வால்வுகளில் தகடு மாட்டிக் கொடுப்பது அவசியம். தகடு இல்லாத கட்டடத்தில் எந்த வால்வு எந்தக் கழிவறைக்கு என்பது ஒரே ஒரு வாட்ச்மேனுக்குத்தான் தெரியும்.

மின்சாரத்தில் சோதிக்க வேண்டியது விளக்கு எரிகிறதா என்பதல்ல, எரியாமல் போனால் என்ன நடக்கிறது என்பது. மெயினை உண்மையிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும்: ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுக்கிறது, அவசரச் சுமைகள் எல்லாம் அதில் இணைந்திருக்கின்றனவா, லிப்ட் அருகிலுள்ள தளத்தில் நின்று கதவு திறக்கிறதா. 2019 மே 7 மாலை இராசாசி மருத்துவமனையில் மழையோடு வந்த மின்தடையின்போது ஜெனரேட்டர் கைகொடுக்காததால் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மரணங்களுக்கு மின்தடை காரணமல்ல என்று நிர்வாகம் மறுத்தது. ஆனால் மருத்துவமனையில் மாற்று மின்சாரத்தை மாதந்தோறும் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் மறுப்பதற்கு எதுவுமில்லை. அந்த முதல் ஓட்டம் ஒப்படைப்பின்போதே, மருத்துவர்களும் செவிலியரும் பார்க்க நடக்க வேண்டும்.

அறுவை அரங்கை ஒப்படைப்பது தனிக்கலை. காற்று வடிகட்டிகளின் சோதனை, ஆக்சிஜன் குழாய்களின் அழுத்தச் சோதனை, எந்த முனையில் எந்த வாயு வருகிறது என்ற சரிபார்ப்பு, சுவரிலும் மேசையிலும் ஸ்வாப் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை ஆகிய எல்லாம் முடிந்த பிறகே அறுவை சிகிச்சை. பெயிண்ட் வாசம் போகும் முன் ரிப்பன் வெட்டப்பட்டாலும் இந்த முறையை மருத்துவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

பயன்பாடே குறைவாக இருக்கும் கட்டடத்துக்கு வேறு கவலை. கீழக்கரை அரங்கம் போன்ற இடத்தில் போட்டி நாட்களில் கூட்டம் நிரம்பும். மற்ற நாட்களில் மோட்டார்கள் சும்மா கிடக்கும். ஓடாத பம்பு இறுகிப்போகும், ஜெனரேட்டர் பேட்டரி இறங்கிவிடும், பயன்படுத்தாத கழிவறையின் நீரடைப்பு வற்றி நாற்றம் ஏறும். இத்தகைய கட்டடத்தோடு கொடுக்க வேண்டியது, ஆளில்லாத வாரங்களில் எதை எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும் என்ற அட்டவணை.

உரிமங்களும் விதிகளும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சிறு வீடுகள் போன்ற விலக்குகள் நீங்கலாகப் பணி முடிப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கின. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கிடைக்காது. லிப்டுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் ஆய்வுத்துறையின் உரிமம் வேண்டும். உயர்ந்த கட்டடங்களுக்குத் தீயணைப்புத்துறையின் சான்று வேண்டும். இவை யார் பெயரில் வாங்கப்பட்டன, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்ற பட்டியலை முதல் நாளே பராமரிப்பு அலுவலரின் மேசையில் ஒட்டிவிடுவது நல்லது.

தனியார் அடுக்குமாடிகளில் இந்தச் சிக்கல் குடியிருப்போர் தலையில் விழுகிறது. பணி முடிப்புச் சான்றிதழ் தாமதமானால் தற்காலிக மின் இணைப்பின் கூடுதல் கட்டணத்தைச் சுமப்பவர்கள் அவர்கள்தான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தம் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பொதுப்பகுதிகளின் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் தரவும் அவர் கடமைப்பட்டவர். சங்கம் பதிவாகும் முன்பே கட்டுநர் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால், செப்டிக் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்பதைக் கடப்பாரையால்தான் தேட வேண்டியிருக்கும்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் 2016 பதிப்பு, சொத்து மற்றும் வசதிப் பராமரிப்புக்கென 12ஆம் பகுதியைச் சேர்த்தது. பிரிட்டனில் ‘சாஃப்ட் லேண்டிங்ஸ்’ என்ற முறைப்படி, கட்டியவர்கள் திறந்த பிறகும் சில காலம் கட்டடத்தோடு இருந்து பயனரின் சிரமங்களைத் தீர்க்கிறார்கள். மதுரையில் அதற்கு நெருங்கி வருவது, குறைபாட்டுக் காலத்தில் ஒப்பந்ததாரர் விட்டுவைக்கும் ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு பிளம்பரும்தான்.

பகுதி பகுதியாக

முழுதும் முடியும் முன்பே ஒரு பகுதியைத் திறப்பது இங்கே சாதாரணம். பெரியார் பேருந்து நிலையத்தில் பேருந்துகள் வரத் தொடங்கிய பிறகும் வணிக வளாகத்தில் வேலை தொடர்ந்தது. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு கட்டுமானம் 2024இல்தான் தொடங்கியது. 2022இல் சேர்ந்த முதல் மாணவர்கள் இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் படித்தார்கள். இத்தனை பெரிய வளாகம் கட்டம் கட்டமாகத்தான் கைக்கு வரும். அப்போது ஒரே சுத்திகரிப்பு நிலையத்தையும் ஒரே துணைமின் நிலையத்தையும் விடுதி மாணவர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் சேர்ந்து பயன்படுத்துவார்கள். அதற்குத் தனி மின்மீட்டர், லாரிக்குத் தனி வாசல், எடுத்துக்கொண்ட பகுதியின் எல்லையை வரைபடத்தில் சிவப்புக் கோடாகக் குறித்து இரு தரப்பும் இட்ட கையெழுத்து ஆகியவை வேண்டும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உடையும் கண்ணாடிக்கு நிர்வாகம் பொறுப்பு; அந்தப் பக்கம் உடைவதற்கு ஒப்பந்ததாரர்.