ஓங்கோலுக்குக் குடிவந்த குடும்பம்

வரலாற்றைப் போர்களாலும் முடிசூட்டு விழாக்களாலும் அளந்து பழகியவர்கள் நாம். ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறோ பெரும்பாலும் கிணற்றடியிலும், சந்தை வாயிலிலும், பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் நிகழ்ந்தது. யார் தண்ணீர் எடுக்கலாம், யார் பண்டம் வாங்கலாம், யாருடைய பிள்ளை எங்கே அமரலாம் என்னும் அன்றாடக் கேள்விகளே எளிய மக்களின் தலைவிதியை எழுதின. கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அத்தகைய கேள்வி ஒன்றுக்கு ஒரு குடும்பம் தந்த விடையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடைத்து. அது 1866ஆம் ஆண்டின் கூதிர்காலத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குச் சீமையில், ஓங்கோல் என்னும் ஊரில் நிகழ்ந்தது.

பெயர்ந்து வந்தோர்

ஜான் எவரெட் கிளஃப் 1836இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அவரும் அவர்தம் துணைவியார் ஹாரியட் அம்மையாரும் 1864ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறினர். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். ஆதலால் ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சுற்றிக்கொண்டு பல திங்கள் கடலில் கழித்து, 1865 ஏப்ரலில் அவர்கள் சென்னையை அடைந்தனர். அவர்கள் புறப்பட்டபோது அமெரிக்காவில் அடிமை முறையை ஒட்டி எழுந்த உள்நாட்டுப் போர் முடியவில்லை. அவர்கள் இங்கு வந்த ஆண்டின் இறுதியில் அந்நாட்டு அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளும் கொடுமை ஓர் நாட்டில் முடிவுறும் வேளையில், பிறப்பினால் மனிதனைத் தீண்டத்தகாதவனாக்கும் கொடுமை நிலைபெற்றிருந்த மற்றோர் நாட்டில் அவர்கள் அடியெடுத்து வைத்தனர்.

அவர்களை அனுப்பிய அமெரிக்கப் பாப்டிஸ்ட் சங்கத்தின் தெலுங்குப் பணி அந்நாளில் பெரும் பயன் கண்டதன்று. நெல்லூரில் 1840 முதல் நடைபெற்ற அப்பணியை மூடிவிடலாமா என்று சங்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஆராய்ந்ததுண்டு. நெல்லூரிலிருந்த லைமன் ஜூவெட் என்னும் போதகர், 1854ஆம் ஆண்டுப் பிறப்பன்று, தம் துணைவியாரோடும் இந்தியக் கிறிஸ்தவர் சிலரோடும் ஓங்கோல் குன்றின் மீதேறி, இவ்வூருக்கு ஒரு போதகர் வரவேண்டும் என வேண்டினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1866 செப்டம்பரில், கிளஃப் குடும்பத்தார் நெல்லூரை விட்டு வடக்கே ஏறத்தாழ 75 மைல் கடந்து ஓங்கோலில் குடியேறினர். அவ்வழியில் அன்று இருப்புப்பாதை இல்லை.

மழைக்கால வாழ்வு

புரட்டாசியில் குடிவந்த குடும்பத்தை எதிர்கொண்டது வடகிழக்குப் பருவமழை. தமிழர் கூதிர் என்று வழங்கும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள் அக்கடற்கரைச் சீமையில் புயலும் பெருமழையும் கொணர்வன. பாதைகள் சேறாகும், ஆறுகள் பெருகும். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் செல்லும் பணி, மழை ஓய்ந்து நிலம் காய்ந்த தை, மாசித் திங்கள்களுக்கே ஏற்றது. எனவே புதிய வீட்டில் ஒரு போதகர் குடும்பத்தின் முதற் கூதிர் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே சுழலும். மொழியில் தேர்ச்சி பெறுதல், வந்தாரை வரவேற்றல், ஊராரோடு பழகுதல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் என்பனவே அதன் நாட்பணிகள்.

புதிதாகக் குடிவந்தவர் ஊர்ப் பெரியோரின் நல்லெண்ணத்தை நாடுவது இயல்பு. ஓங்கோலில் அந்த நல்லெண்ணம் தானாகவே தேடி வந்தது. அந்தணரும் ஏனைய மேற்சாதியாரும் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டினர். துரையிடம் படிக்க அனுப்பவும் முன்வந்தனர். அரசு அலுவலுக்கு ஆங்கிலமே திறவுகோலாக இருந்த காலம் அது. பயன் காணாத பணி என்று பெயரெடுத்த ஓரிடத்திற்கு இதனினும் நல்ல தொடக்கம் யாது வேண்டும்? மேலோர் முதலில் வந்தால் கீழோர் தாமே பின்தொடர்வர் என்பது அக்காலப் போதகர் பலருடைய கணக்கு.

வாயிலில் நின்றவர்

அக்கணக்கை மாற்றியவர்கள் மாதிகர். தோல் பதனிடுதலும், செருப்புத் தைத்தலும், உழவர்க்கு நீரிறைக்கும் தோற்சால் செய்து தருதலும் அவர்தம் தொழில். ஊரின் உழவு அவர்தம் கைத்திறனால் நடந்தது. ஊரின் கிணறோ அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. செத்த மாட்டை அகற்றுதல், திருவிழாவில் பறை முழக்குதல், கூப்பிட்டபோதெல்லாம் கூலியின்றி வேலை செய்தல் ஆகியவை அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமைகள். தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் மாதிகர் என்னும் பெயரும் இடம்பெற்றிருப்பதை நோக்க, அவர்கள் நமக்கு அயலார் அல்லர் என்பது விளங்கும்.

அவர்களுள் ஒருவர் யர்ரகுண்ட்ல பேரையா. ஓங்கோலுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் வாழ்ந்த தோல் வணிகர். மெய்ப்பொருளை நாடிக் குருமாரைத் தேடி அலைந்தவர், யோகநெறி பயின்றவர். வணிகத்தின் பொருட்டு வடக்கே சென்றவிடத்துக் கிறிஸ்தவச் செய்தியைக் கேட்டறிந்தார். கிளஃப் குடும்பம் ஓங்கோலில் குடியேறுவதற்கு முன்பே, 1866ஆம் ஆண்டின் முற்பகுதியில், பேரையாவும் அவர்தம் மனைவி நாகம்மாவும் திருமுழுக்குப் பெற்றனர். போதகர் அவரைத் தேடிப் போகுமுன் அவரே தேடி வந்தார் என்பதை இவ்விடத்து மறத்தலாகாது. ஊர் திரும்பிய பேரையா, தம் தொழிலுக்காகச் சென்ற சேரிகளிலெல்லாம் தாம் கண்டதை எடுத்துரைத்தார்.

இரண்டு அறைகள்

மாதிகர் போதகர் வீட்டு வாயிலுக்கு வரத் தொடங்கியதும் ஊர்ப் பெரியோர் கலங்கினர். இவர்களைச் சேர்த்துக்கொண்டால் எம் பிள்ளைகளை அனுப்புதல் இயலாது என்று தெளிவாகவே கூறினர். ஒருபுறம் மதிப்பும், ஊரின் துணையும், நிறைந்த பள்ளியும். மறுபுறம் தீண்டாதார் எனப்பட்ட ஒரு சிலர். கணக்குப் பார்ப்பவர்க்கு விடை எளிது.

அன்று நடந்ததைக் கிளஃப் பிற்காலத்தில் தம் நினைவுகளில் கூறியுள்ளார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1914இல் வெளிவந்தது. என்ன செய்வதென அறியாது தம் அறைக்குட் சென்று விவிலியப் பிரதியொன்றை எடுத்தாராம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் கண்ணிற் பட்டதாம். உலகம் எளியதென்றும் இழிந்ததென்றும் தள்ளியதையே இறைவன் தெரிந்துகொண்டான் எனும் கருத்துடைய பகுதி அது. மற்றோர் அறையிலிருந்த ஹாரியட் அம்மையாரும் அதே வேளையில் அதே பகுதியையே வாசித்து, அதே முடிவுக்கு வந்திருந்தாராம்.

இதனைத் தெய்வச் செயல் என்பார் என்க. தற்செயல் என்பார் அவ்வாறே கொள்க. வரலாறு கற்போர் நோக்கவேண்டியது முடிவின் தன்மையை. அது சங்கத்தின் தீர்மானத்தால் வந்ததன்று; அரசின் ஆணையால் வந்ததுமன்று. கணவனும் மனைவியும் தம் வீட்டினுள் தனித்தனியே எண்ணி, ஒன்றாக எடுத்த முடிவு. வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்று அவர்கள் உறுதி கொண்டனர். மேற்சாதியார் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். குடிவந்த தொடக்க நாட்களிலேயே அக்குடும்பம் ஊரின் நல்லெண்ணத்தை இழந்தது.

விலையும் விளைவும்

1867ஆம் ஆண்டுப் பிறப்பன்று ஓங்கோல் சபை எட்டுப் பேருடன் அமைந்தது. மழை ஓய்ந்ததும், அதே சனவரியில், கிளஃப் பேரையாவின் ஊர்ப்புறம் சென்று புளியந்தோப்பில் கூடாரம் அடித்தார். சில நாட்களுக்கு வேண்டிய உணவையும் மாற்றுத் துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாதிகர் ஆணும் பெண்ணுமாக வந்தனர். அவர்களுள் 28 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

அம்மக்கள் தந்த விலை போதகர் குடும்பம் தந்ததினும் பெரிது. ஞாயிறன்று வேலை செய்வதில்லை, செத்த மாட்டிறைச்சி உண்பதில்லை, பழைய தெய்வங்களை வணங்குவதில்லை என்னும் மூன்று நெறிகளை அவர்கள் ஏற்றனர். சமய விதிகளாகத் தோன்றும் இவை உண்மையில் ஊர் அமைப்பின் ஆணிவேரையே அசைத்தன. கூப்பிட்டால் வராதவனும், பறை முழக்க மறுப்பவனும் அடிமையாக இருத்தல் எங்ஙனம்? ஊர் பதிலடி கொடுத்தது. கிணறும் சந்தையும் அடைக்கப்பட்டன. பொய் வழக்குகள் புனையப்பட்டன. ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது, சென்னையோடு தெலுங்குக் கடற்கரையை இணைக்கும் பக்கிங்காம் கால்வாயில் ஏறத்தாழ மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் ஏற்றுப் பட்டினி கிடந்தோர்க்கு வேலை தந்தார். சோற்றுக்காக மதம் மாறினர் என்னும் பழி வரலாகாது என்று, பஞ்சம் தீரும்வரை திருமுழுக்கை நிறுத்தியும் வைத்தார். அதன்பின், 1878 சூலை 3ஆம் நாள், குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அன்று ஆற்றில் இறங்கி அச்சடங்கைச் செய்தவர்கள் இந்தியப் போதகர் அறுவர் என்பது பெருமையோடு குறிப்பிடத்தக்கது. 1910இல் கிளஃப் மறைந்தார், அவ்வியக்கம் மறையவில்லை.

நாம் கொள்ளும் பாடம்

மதமாற்றம் சாதியை முற்றும் ஒழித்ததா எனின், இல்லை என்பதே விடை. திருச்சபைக்குள்ளும் சாதி புகுந்ததை நாம் அறிவோம். 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோரை விலக்கியதையும் அறிவோம். சமயம் எதுவாயினும் நம் குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை.

ஆயினும் அந்தக் கூதிர்காலம் கல்விப் பணியாளர் அனைவர்க்கும் ஒன்றைக் கற்பிக்கின்றது. கடைசியில் நிற்பவனை வெளியே நிறுத்தினால்தான் முதலில் நிற்பவன் உள்ளே வருவான் என்னும் நிபந்தனை, ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும் ஏதேனும் ஓர் உருவில் வந்து நிற்கும். அன்று அது சாதியின் பெயரால் வந்தது. இன்று கட்டணம் என்றும், மதிப்பெண் என்றும், ஒழுங்கு என்றும், பள்ளியின் பெயர் என்றும் வேறு உடை அணிந்து வரலாம். ஊராரின் நல்லெண்ணம் வேண்டும்; நன்கொடையும் வேண்டும். ஆனால் அவற்றின் விலை நம் பிள்ளைகளுள் ஒருவனாயின், வெறுமையான பெஞ்சுகளே மேல்.

நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து ஒரு பேரையா நடந்து வருவார். அவர் வரும்போது நம் கதவு திறந்திருத்தல் வேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இந்த ஒரு நெறி போதும்.