செயற்கை பாக்டீரியோ-ஆப்சின் மரபணு

உப்புநீர் நுண்ணுயிரான ஹாலோபாக்டீரியத்தின் சவ்வுப் புரதம் ஒன்றுக்காக, ஹர் கோவிந்த் கொரானாவின் எம்.ஐ.டி. ஆய்வகம் வேதிமுறையில் உருவாக்கிய மரபணு, 1987இல் வெளியானது.

பொதுவாக உப்பளங்களில் நீர் முற்றும்போது செந்நிறம் ஏறக் காரணமானவற்றுள் இந்த நுண்ணுயிர்க் குடும்பமும் உண்டு. ஹாலோபாக்டீரியத்தின் ஊதாச் சவ்விலுள்ள அந்தப் புரதம் பாக்டீரியோரோடாப்சின் (ரெட்டினால் நிறமி நீங்கினால் பாக்டீரியோ-ஆப்சின்); கண்ணின் ரோடாப்சினைப் போன்றது அது என்று 1971இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கேனியஸும் கண்டனர். கறாராகச் சொன்னால் இது ஏற்பி அல்ல, புரோட்டானை வெளியேற்றும் பம்பு. ஒளியை உணரும் ஏற்பிகள் அதே செல்லில் இருக்கும் இதன் உறவுப் புரதங்கள்.

1922இல், இன்றைய பாகிஸ்தானிலுள்ள ராய்ப்பூரில் பிறந்தவர் கொரானா. 1968இல் நோபல் பரிசு. 1970இல் முதல் செயற்கை மரபணு. அந்தப் புகழோடு நின்றுவிடாமல், எழுபதுகளில் அவர் சவ்வுப் பக்கம் திரும்பினார்.

1987 மரபணு வடிவமைப்பின் சூட்சுமம் இதுதான்: பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோடான்கள் (மூன்றெழுத்துக் குறிகள்) உண்டு. எனவே புரதம் மாறாமலே மரபணுவின் எழுத்துகளை மாற்றலாம். அந்தச் சலுகையைக் கொண்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும் வெட்டிடங்களை (நொதிகள் வெட்டும் இடங்களை) இடைவெளி விட்டுப் பொதித்தனர். இரண்டு வெட்டிடங்களுக்கு நடுவிலுள்ள துண்டை எடுத்துவிட்டு, திருத்திய துண்டைச் செருகிக்கொள்ளலாம். மாட்டின் கண்ணிலுள்ள ரோடாப்சின் ஏற்பிக்கும் 1986இல் இவ்வாறே மரபணு செய்தார்கள்.

செயற்கை மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் செலுத்தியபோது, அது தந்த புரதம் அப்படியே வேலை செய்யவில்லை. அதைப் பிரித்தெடுத்து, கொழுப்பும் ரெட்டினாலும் சேர்த்து மடியவைக்க வேண்டியிருந்தது; அந்த வித்தையை 1981லேயே இக்குழு கற்றிருந்தது. பலன் விரைவில் வந்தது. புரோட்டானைக் கைமாற்றுவதில் 85, 96ஆம் இடங்களின் அஸ்பார்ட்டிக் அமிலங்கள் முக்கியம் என்பதை 1988இல் வந்த திருத்த ஆய்வுகள் காட்டின.

இன்றைய செயற்கை உயிரியலுக்கு இன்னும் நெருக்கமானது, 1989இல் இனோயே குழு செய்த ஒட்டு ஏற்பி என்பேன்: அஸ்பார்ட்டேட்டை உணரும் டார் ஏற்பியின் முன்பாதி, என்வ்இசட் என்னும் உணர்வுப் புரதத்தின் பின்பாதி. அஸ்பார்ட்டேட் கண்டதும் பாக்டீரியா வேறொரு மரபணுவை முடுக்கியது. 2005இல் வொய்க்ட் குழு அதே என்வ்இசட்டில் நீலப்பசும்பாசியின் ஒளியுணர் பகுதியை ஒட்டி, பாக்டீரியாப் படலத்தில் படமே எடுத்தது.

2009இல், வெட்டிடங்கள் இன்றியே டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் கிப்சன் இணைப்பு முறை வந்தபின், வெட்டிடங்களைப் பொதிக்கும் தேவை பெரிதும் குறைந்தது. வளர்க்கும் உயிரிக்கேற்பக் கோடானைத் தேர்வது மட்டும் நிலைத்தது; அதை இப்போது மென்பொருளே செய்கிறது.