கடலில்லா ஊரில் ஒரு கப்பல் தச்சர்



இவ்வுரைக்கு நான் தெரிந்துகொண்ட பொருளைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், மொழியியல் படித்தவனுக்கு ரஷ்யக் கப்பலில் என்ன வேலை என்று வினவினார். கடன்சொற்களைப் பற்றி முப்பதாண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொன்னவன் நான். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல் போயிற்று என்று கரும்பலகையில் ஓர் அம்புக்குறி இடுவோம். அந்த அம்புக்குறியை உண்மையில் சுமந்து சென்றவர் யார் என்று கேட்பதில்லை. பணி ஓய்வுக்குப் பின் அக்கேள்வி என்னை விடவில்லை. அதன் விடைகளுள் ஒருவரே கார்ஸ்டன் பிராண்ட் என்னும் டச்சுத் தச்சர்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யாவுக்குக் கடல்வழி என்று இருந்தது வடக்கே அர்க்காங்கெல்ஸ்க் துறைமுகம் ஒன்றுதான். அதுவும் ஆண்டின் பெரும்பகுதி பனியால் உறைந்து கிடக்கும். பால்டிக் கரை சுவீடனிடமும் கருங்கடல் துருக்கியரிடமும் இருந்தன. எஞ்சியது தெற்கே, வோல்கா ஆறு சென்று சேரும் காஸ்பியன் கடல். பாரசீகப் பட்டை அவ்வழியே ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்ல ஆர்மீனிய வணிகர்கள் 1667இல் ஜார் மன்னர் அலெக்சேய் மிகைலோவிச்சுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். வழியெங்கும் கொள்ளையர் தொல்லை. ஆகவே பீரங்கி தாங்கிய கப்பல் வேண்டும் என்று அவ்வாண்டே ஆணை பிறந்தது. அயலுறவுப் பொறுப்பிலிருந்த ஒர்தின்-நஷ்சோகின் இம்முயற்சிக்குத் தலைமை ஏற்றார். ஆணையிடுவது எளிது, கட்டத் தெரிந்தவர் வேண்டுமே. வான் சுவீடன் என்ற டச்சு வணிகர் வழியாக ஆம்ஸ்டர்டாமில் மாலுமிகளும் தச்சர்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். டேவிட் பட்லர் அவர்களுடைய தலைவர். பாய் தைப்பவர் யான் ஸ்ட்ரைஸ். தச்சராகவும் பீரங்கியராகவும் வந்தவர் பிராண்ட்.

ஓக்கா ஆற்றங்கரையில் உள்ள தெதினோவோ என்னும் சிற்றூரில் பட்டறை அமைந்தது. கடலைக் கண்ணால் கண்டிராத ஊர் அது. கப்பலுக்கு வேண்டிய ஆணி, கயிறு, பாய்த்துணி, நங்கூரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ஓலை போயிற்று. கொல்லர்கள் வர மறுத்தனர். வந்தவர்கள் கூலி போதாதென்று ஓடிப்போயினர். இவ்வளவுக்கும் நடுவில், ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 22 பீரங்கிகளும் கொண்ட கப்பல் ஒன்று உருவாகி 1668இல் நீரில் இறங்கியது. மறு ஆண்டு அதற்கு 'ஒர்யோல்' என்று பெயரிட்டனர்; கழுகு என்று பொருள். கப்பலில் யார் யாருக்குக் கீழ்ப்படிவது, எந்த வேளையில் யார் என்ன செய்வது என்பனவற்றை விளக்கி 34 விதிகளை எழுதிப் பட்லர் மாஸ்கோ அலுவலகத்தில் அளித்தார். அவை மொழிபெயர்க்கப்பட்டன. டச்சுக் கடல் வழக்கு ரஷ்ய எழுத்தில் ஏறிய தொடக்கக்கால ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

ஒர்யோல் 1669ஆம் ஆண்டு கோடையில் வோல்கா வழியே அஸ்திரக்கான் சென்றடைந்தது. அதற்கு மேல் அது எங்கும் செல்லவில்லை. 1670இல் கோசாக்கியர் தலைவன் ஸ்தென்கா ராசின் கிளர்ச்சிப் படையுடன் வந்து அஸ்திரக்கானைப் பிடித்தான். டச்சுக்காரர் சிதறி ஓடினர். ஸ்ட்ரைஸ் பாரசீகப் பக்கம் தப்பி, அடிமையாக விற்கப்பட்டு, ஒருவாறு மீண்டு ஊர் சேர்ந்து 1676இல் தம் பயண நூலை ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். ராசின் கப்பலை எரித்துவிட்டான் என்று பல நூல்கள் எழுதின. ஆவணங்களைத் துருவியவர்கள் காட்டும் முடிவோ வேறு: நகரையொட்டிய குத்தூம் கால்வாயில் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்று நின்று அது மக்கிப்போனது. எரிந்திருந்தால் அதில் ஒரு வீரக்கதையேனும் இருந்திருக்கும். மக்கிப்போன கப்பலுக்குக் கதை ஏது?

பிராண்ட் ஊர் திரும்பவில்லை. மாஸ்கோவுக்கு மீண்டு வந்து, நகருக்கு வெளியே அயல்நாட்டவர் வாழ்ந்த 'ஜெர்மானியர் குடியிருப்பில்' தங்கிவிட்டார். கப்பல் கட்ட வந்தவர் அங்கே மரவேலை செய்து பிழைத்தார். ஒன்றல்ல இரண்டல்ல, பதினெட்டு ஆண்டுகள். அவருடைய வாழ்வில் என்னை மிகவும் நிறுத்தி வைப்பது இந்தப் பகுதிதான். வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும் பகுதியும் இதுவே. திட்டத்துக்குப் பொறுப்பாளர் ஒர்தின்-நஷ்சோகின் பதவியிழந்து துறவு பூண்டார். ஆணையிட்ட மன்னர் 1676இல் இறந்தார். கப்பல் சேற்றில் கிடந்தது. அந்த முயற்சியில் ரஷ்ய மண்ணில் எஞ்சிய அறிவு, வயதேறிக்கொண்டிருந்த ஒரு தச்சரின் கைகளில் இருந்தது. அதைக் கேட்பார் அப்போது எவருமில்லை.

1688இல் கேட்டவர் 16 வயது நிரம்பிய இளைஞர், அலெக்சேயின் மகன் பீட்டர். மாஸ்கோவுக்கு அருகே இஸ்மாயிலோவோ அரண்மனைத் தோட்டத்தில் பழம்பொருள்கள் போட்டு வைத்த கொட்டகை ஒன்றில் அவர் ஒரு படகைக் கண்டார். உடனிருந்த பிரான்ஸ் டிம்மர்மன் என்னும் டச்சுக்காரர், அது ஆங்கில வகைப் படகு என்றும், காற்றோடு மட்டுமன்றிக் காற்றை எதிர்த்தும் செல்லும் என்றும் சொன்னார். பீட்டர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. ரஷ்ய ஆற்றுப் படகுகள் காற்று பின்னாலிருந்து தள்ளினால் பாய் விரிக்கும். எதிர்த்து வீசினால் கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். பாயைப் படகின் நீளவாக்கில் வளைத்துக் கட்டி, காற்றுக்குச் சாய்வாக இடமும் வலமுமாக மாறி மாறி ஓடினால் எதிர்த்திசையிலும் முன்னேறலாம் என்பதைச் சொல்லி விளக்குவது கடினம்; செய்துதான் காட்ட வேண்டும். செய்து காட்டக் கூடியவர் மாஸ்கோவில் எவரேனும் உளரோ என்று பீட்டர் கேட்க, டிம்மர்மன் தேடிப் பிடித்து அழைத்து வந்தவர் பிராண்ட்.

அவர் படகைப் பழுதுபார்த்தார், பாய்மரம் நட்டார், யாவுசா ஆற்றில் இறக்கி, எதிர்காற்றில் முன்னும் பின்னுமாக ஓட்டினார். பீட்டர் தாமும் ஏறி ஓட்டினார். ஆறு குறுகலாக இருந்ததால் படகு திரும்பும்போதெல்லாம் கரையில் முட்டியது. குளத்துக்குக் கொண்டு சென்றனர், அதுவும் போதவில்லை. மாஸ்கோவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் பெரெஸ்லாவ்ல் நகருக்கருகே பிளெஷ்செயெவோ என்ற பெரிய ஏரி உண்டு. மடத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டு பீட்டர் அங்கே போனார். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தாயிடம் சொல்லும் பொய் ஒரே வகையைச் சேர்ந்ததுதான் போலும்.

அந்த ஏரிக்கரையில் பிராண்டும் அவர் தோழர் கோர்ட் என்பவரும் இரண்டு சிறு போர்க்கப்பல்களையும் மூன்று பாய்மரப் படகுகளையும் கட்டத் தொடங்கினர். 1689 வசந்தத்தில் பீட்டர் தம் தாய்க்கு எழுதிய கடிதத்தில், கயிறு வந்து சேராததால் வேலை தடைப்படுகிறது, விரைந்து அனுப்பச் செய்க என்று வேண்டுகிறார். தெதினோவோவில் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே குறை. ஆனால் இம்முறை கேட்பவர் ஆட்சிக்குரியவர். கோடரியைத் தம் கையில் பிடித்தவர். 1692இல் ஏரியில் ஒரு சிறு கப்பற்படையே மிதந்தது. அடுத்த ஆண்டு பீட்டர் வடக்கே சென்று முதன்முதலாகக் கடலைக் கண்டார். அதே 1693இல் பிராண்ட் மாஸ்கோவில் மறைந்தார். பிறகு எழுந்த வரோனேஷ் பட்டறையையும் பால்டிக் கடற்படையையும் அவர் காணவில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். 1697இல் பீட்டர் ஹாலந்து சென்றார். சாந்தாம் என்னும் ஊரில், முன்பு ரஷ்யாவில் வேலை செய்திருந்த ஹெர்ரிட் கிஸ்ட் என்ற கொல்லரின் சிறு வீட்டில் ஒரு வாரமளவு தங்கினார். பின்னர் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டறையில் ஹெர்ரிட் போல் என்ற ஆசானிடம் நான்கு மாதம் தச்சராக உழைத்தார். அவர் கைபட்ட 'பீட்டர்-பால்' என்ற கப்பல் நம் பக்கத்துக் கடலாகிய கிழக்கிந்தியத் தீவுகளுக்கு வணிகம் செய்ய வந்தது. ஆனால் பீட்டர் மனநிறைவு அடையவில்லை. டச்சுத் தச்சர்கள் கண்ணளவாலும் கைப்பழக்கத்தாலும் கட்டினார்கள்; வரைபடம் இட்டு, அளவைக் கணக்கால் விளக்கும் முறை அவர்களிடம் இல்லை. அதைத் தேடி 1698 தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து சென்றார். பின்னர் வரோனேஷில் டச்சுத் தச்சர்களைத் தனித்து விடாமல் பிறநாட்டு ஆசான்களின் மேற்பார்வையில் வைக்க உத்தரவிட்டார். பெரிய கப்பல்களை வடிவமைப்பதில் ஆங்கிலேயர் கை ஓங்கியது.

கப்பலின் வடிவம் ஆங்கிலமாயிற்று; கப்பலில் பேசிய சொல்லோ டச்சாகவே நின்றது. 1909இல் வான் டெர் மியூலன் என்ற டச்சு அறிஞர் ரஷ்யமொழியில் உள்ள டச்சுக் கடற்சொற்களைத் திரட்டி ஒரு நூலே வெளியிட்டார். மாலுமிக்கு 'மத்ரோஸ்', வழிகாட்டும் மீகாமனுக்கு 'ஷ்தூர்மன்', துறைமுகத்துக்கு 'காவன்', கப்பற்பட்டறைக்கு 'வேர்ஃப்', கொடிக்கு 'ஃப்ளாக்' என எல்லாம் டச்சு. பாய்க்கும் நங்கூரத்துக்கும் கப்பலுக்கும் மட்டும் ரஷ்யர் தம் பழஞ்சொற்களையே வைத்துக்கொண்டனர். அவையும் முன்னொரு காலத்தில் கிரேக்கரிடமிருந்தும் வடநாட்டாரிடமிருந்தும் வந்தவையே. ஆக, இல்லாத பொருளுக்குச் சொல் வந்தது. இருந்த பொருளுக்குச் சொல் பெரும்பாலும் மாறவில்லை.

இச்சொற்களின் உருவத்தைப் பார்த்தால் அவை புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல, காதால் கேட்டவை என்பது விளங்கும். சுக்கானுக்கு டச்சில் 'ரூர்'. இரண்டு ரகரம் அடுத்தடுத்து வந்தால் நாக்கு இடறும். ரஷ்யர் வாயில் அது 'ரூல்' ஆயிற்று. கப்பலின் அடியறை டச்சில் 'ரௌம்'. அதன் முன் வரும் சுட்டு விரைவான பேச்சில் வெறும் 'த்' என ஒலிக்கும். சுட்டு எது, சொல் எது என்று பிரித்தறியாத காது இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. இன்றும் ரஷ்யமொழியில் அடியறைக்கு 'த்ரியூம்' என்றே பெயர். இவற்றினும் சுவையானது குடை. கப்பலில் வெயிலுக்குக் கட்டும் மேற்கட்டியை டச்சுக்காரர் 'சொன்னெடெக்' என்றனர். அது 'சோன்திக்' ஆகிக் குடையைக் குறித்தது. ரஷ்யத்தில் 'இக்' என்பது சிறுமை காட்டும் விகுதி. 'தோம்' என்றால் வீடு, 'தோமிக்' என்றால் சிறுவீடு. அப்படியானால் சோன்திக் சிறு குடைதானே என்று எண்ணி, விகுதியை நீக்கிப் பெரிய குடைக்குச் 'சோன்த்' என்று புதுச்சொல் ஒன்றைப் படைத்துவிட்டனர். டச்சுக்காரரிடம் அப்படி ஒரு சொல் இருந்ததே இல்லை.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நாமும் அவர்களிடம் வாங்கியவர்களே. 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய செப்புக்காசின் பெயர் தமிழில் துட்டு ஆயிற்று. மலாயில் இன்றும் பணத்துக்கு அதுவே பெயர். அலுவலகத்தைக் குறிக்கும் யாழ்ப்பாணத்துக் 'கந்தோர்' டச்சுச் சொல். ரஷ்யரின் 'கந்தோரா'வும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கலைச்சொல்லாக்கக் குழுக்களில் நானும் பல்லாண்டு அமர்ந்திருக்கிறேன். நல்ல வேர் கண்டு, நல்ல விகுதி சேர்த்து, நாங்கள் ஆக்கிய சொற்களில் பல அச்சேறிய தாளோடு நின்றுவிட்டன. பட்டறையில் உளியைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒருவர் சொல்லும் சொல்லோடு அவை போட்டியிட இயலவில்லை. இதைக் கசப்பாகச் சொல்லவில்லை. எங்கள் குழுவில் தச்சர் எவரும் இருந்ததில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பிராண்டின் பெயர் இன்று நமக்குக் கிடைப்பதற்குப் பீட்டரே காரணம். 1720இல் வெளியான கடற்படைச் சட்டத்தின் முன்னுரைக்காகத் தம் கையால் எழுதிய குறிப்பில், கொட்டகையில் கண்ட படகையும், டிம்மர்மன் சொன்ன விடையையும், பிராண்ட் அதைச் செம்மை செய்து ஓட்டிக் காட்டியதையும் அவர் விரிவாகவே பதிந்துள்ளார். பேரரசர் ஒருவர் கூலித் தச்சரின் பெயரை மறவாமல் எழுதியது பெரிது. ஆயினும் விழா எடுத்தது படகுக்குத்தான். 1723இல் அப்படகைப் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுவந்து, ரஷ்யக் கடற்படையின் பாட்டனார் என்று போற்றி, போர்க்கப்பல்கள் பீரங்கி முழக்கத்தோடு வரவேற்றன. அது இன்றும் அந்நகரின் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரெஸ்லாவ்ல் ஏரிக்கரையில் எஞ்சிய கலங்களைப் பேணிக் காக்குமாறு பீட்டர் 1722இல் அங்குள்ள அதிகாரிகளுக்கு ஆணையிட்டிருந்தார். 1783இல் மூண்ட தீயில் அவை அழிந்தன. 'ஃபோர்த்தூனா' என்ற ஒரு படகு மட்டும் தப்பியது. அதை வைப்பதற்கென்று கட்டிய சிறு கட்டடம் ஏரிக்கரையில் வெஸ்கோவோ என்னும் சிற்றூரில் உள்ளது.