ஒரு பெயரும் இரு மொழியும்
வன்னிநாட்டை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

ஈழநாட்டு வரலாற்றை ஆராயப் புகுவார்க்குக் கல்வெட்டும் ஏடும் போலவே ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் பெருந்துணை புரிவன. ஆயின், கல்வெட்டொன்றைப் பிழைபட வாசித்தவனை அடுத்து வருபவன் திருத்திவிடலாம். பெயரொன்றைப் பிழைபட வாசித்தவனைத் திருத்துதல் அத்துணை எளிதன்று. சிங்களர்க்கும் தமிழர்க்கும் பொதுவாய் வழங்கும் பெயர்கள் இவ்வகையில் மிக்க இடர் விளைப்பன. பெயரைக் கண்ட மாத்திரத்தே அதனையுடையான் எம்மவன் என்றும், அப்பெயர் வழங்கும் நிலம் எம்முடையது என்றும் இருசாராரும் வழக்கிடுவர். முள்ளியவளையைச் சூழ்ந்த வன்னிநிலத்தில் இத்தகைய பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை எடுத்து, அவற்றைக்கொண்டு துணியக்கூடியது யாது, துணியலாகாதது யாது என்று நோக்குவதே ஈண்டு எடுத்துக்கொண்ட கருமமாகும்.

முதற்கண் வன்னி என்னும் பெயரே பொதுப்பெயர். வன்னிமரத்தினின்றும் வந்ததென்பாரும், தீயைக் குறிக்கும் வடசொல்லினின்றும் வந்ததென்பாரும், வன்மையென்னும் பண்படியாகப் பிறந்ததென்பாரும் தமிழருட் பலர். காட்டைக் குறிக்கும் 'வன' என்பதன் திரிபெனக் கொள்வார் சிங்களருட் பலர். சொற்பிறப்பு எதுவாயினும் வழக்கு இருபாலும் உண்டு. பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, தென்னமரவடி ஆகிய பற்றுக்களை ஆண்ட தமிழ்த் தலைவர் வன்னியர் எனப்பட்டனர். நுவரகலாவியாவில் வாழ்ந்த சிங்களத் தலைவரும் வன்னியாரே. குருநாகல் மாவட்டத்தின் வடபாகம் இன்றும் வன்னி ஹத்பத்து எனப்படுகின்றது. 13-ஆம் நூற்றாண்டுச் செய்திகளைக் கூறுமிடத்துச் சூளவமிசமும் வன்னியரசரைக் குறிப்பிடுகின்றது. தமிழிலே வையாபாடல் வன்னியர் அடங்காப்பற்றுக்கு வந்து குடியேறிய வரலாற்றைப் பாடுகின்றது. 1660-இல் சிறைப்பட்டு 1679-இல் கண்டியரசினின்றும் தப்பியோடிய இறபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், காட்டுவழியே வடக்கு நோக்கி வருகையில், கண்டியரசனுக்கும் ஒல்லாந்தர்க்கும் அடங்காது, ஒல்லாந்தர்க்குத் திறைமாத்திரம் செலுத்திவந்த தமிழ்த் தலைவன் ஒருவனின் நாட்டைக் கடந்தான். அத்தலைவனை அவன் 'கொயிலாற் வன்னியா' என எழுதிவைத்தான். கயிலாய வன்னியன் என்பதே அதன் தமிழ் வடிவெனல் பொருந்தும். நொக்ஸின் எழுத்தில் மொழியெல்லை தெளிவாய்த் தெரிகின்றது. பட்டப்பெயரோ அவ்வெல்லையின் இருபுறத்தும் ஒன்றாயிருந்தது. ஆகவே வன்னியன் என்னும் பெயர் ஒரு பதவியை உணர்த்துமேயன்றி இனத்தை உணர்த்தாது.

இதனோடு ஒத்தது பண்டாரம் என்னும் சொல். பொருட்சாலையைக் குறிக்கும் வடசொல்லடியாகப் பிறந்த இது, தமிழிலே கருவூலத்தையும் கோயிற்றொண்டரையும் சைவத் துறவியரையும் குறித்து நின்றது. சிங்களத்திலே 'பண்டார' என ஒலித்து அரசகுமாரர்க்கு உரிய பட்டமாயிற்று. விமலதர்மசூரியன் என்னும் பெயரோடு கண்டியில் முடிபுனைந்தவன் கோனப்பு பண்டார. கோட்டை அரசியலை ஆட்டிவைத்தவன் வீதிய பண்டார. யாழ்ப்பாணத்து அரசர் வரிசையிலும் 16-ஆம் நூற்றாண்டிற் புவிராச பண்டாரம் என்பான் ஒருவன் காணப்படுகின்றான். துறவிக்குரிய பெயரை இவ்வரசன் பூண்டான் என்று கொள்வதினும், தெற்கே அரசகுமாரர்க்கு வழங்கிய பட்டமே வடக்கேயும் வழங்கிற்று என்று கொள்வது சாலப் பொருந்தும்.

பண்டாரவன்னியன் பெயரும் இவ்வாறே நோக்கற்பாலது. 1803-ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் கண்டியில் ஆங்கிலேயப்படை அழிவுற்றது. அதன் பின்னர், ஆகஸ்ட் 25-ஆந் தேதி, கண்டியாரின் துணையொடு முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரைப் படகேறி ஓடச்செய்தவன் இவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31-ஆந் தேதி கற்சிலைமடுவிற் கப்டன் டிரிபேர்க் என்பவன் இவனைத் தோற்கடித்தான். வென்றவர் அவ்விடத்தே நினைவுக்கல் நாட்டினர். நாட்டார் நினைவில் நின்றவன் தோற்றவனே. பண்டாரம், வன்னியன் என்னும் அவன் பெயரின் இரு கூறும் இருமொழிக்கும் பொதுவானவை. அவ்விரண்டையும் நீக்கினால் எஞ்சுவது குலசேகரம் வைரமுத்து என்னும் தனித்தமிழ்க் குடிப்பெயர். பட்டத்தைக்கொண்டு வழக்கிடுவார் இயற்பெயரை மறந்துவிடுகின்றனர்.

தெற்கு நோக்கிச் சென்ற தமிழ்ப் பெயர்களும் உள. கோட்டையில் அரண் அமைத்த அளகக்கோனார, சுபாசிதய என்னும் நீதிநூலை யாத்த சிங்களப் புலவர் அழகியவண்ண முகவெட்டி ஆகியோரின் பெயர்களைத் தமிழறிந்த எவரும் உரையின்றியே உணர்ந்துகொள்வர். 1956-இற் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய பண்டாரநாயக்காவின் குடிமுதல்வர், நவகமுவைப் பத்தினி தேவாலயத்திற் பூசைபுரிந்த நீலப்பெருமாள் என்பவர் என அக்குடியின் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். இதனை எடுத்துக்காட்டி நகையாடுவார் உளர். அந்நகை வேண்டப்படுவதன்று; முந்நூறு ஆண்டுகள் ஒரு மொழியிற் பேசி வாழ்ந்த குடி அம்மொழிக்குரிய குடியே.

இனி, பெயரொற்றுமையால் வரலாறே தடுமாறிய இடம் ஒன்றுண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவித்தவன் புவனேகபாகு. இதனை மறுப்பார் இலர். எந்தப் புவனேகபாகு என்பதே வினா. யாழ்ப்பாண வைபவமாலை அவனை முதலாம் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரியாக்குகின்றது. அதனோடு வழங்கும் பழைய செய்யுள் ஒன்று சகம் 870, அதாவது கி.பி. 948, எனக் காலமும் கூறுகின்றது. அக்காலத்தில் ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு நல்லூரில் தோன்றியிருக்கவில்லை. ஆதலின் அவ்வெண்ணைத் திருத்தி வாசிக்க முயன்றார் சிலர். மறுபுறத்தே, சிங்கள அரசருள் இப்பெயர் பூண்டார் எழுவர். அவருள் ஆறாம் புவனேகபாகுவே செண்பகப் பெருமாள். சிங்களர் இவனைச் 'சபுமல் குமாரய' என்பர். 'சபு' செண்பகம், 'மல்' மலர். தமிழிற் பெருமாள் என நிற்பது அங்கு மலராய் நிற்கின்றது! இவன் இந்தியாவினின்றும் வந்த பணிக்கன் ஒருவனின் மகன் என்று போத்துக்கேயரான கூற்றோ எழுதினார். ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாய் நின்று 1450-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தை வென்று ஆண்டவனும், பின்னர் கோட்டைக்குச் சென்று புவனேகபாகு என முடிசூடியவனும் இவனே.

மந்திரியோ மன்னனோ என்னும் இவ்வழக்கிற் கோயிலே சான்று கூறுகின்றது. நல்லூர்த் திருவிழாவில் இன்றும் ஓதப்படும் கட்டியத்திற் புவனேகபாகுவின் பெயர் சிறீ சங்கபோதி என்னும் அடைமொழியோடு வருகின்றது. சங்கபோதி என்பது சிங்கள அரசர் அரியணையேறுங்காற் பூணும் பட்டம். மந்திரியொருவன் அதனைப் பூணான். எனவே, கோயிலை முதலில் எடுப்பித்தவன் எவனாயினும், கட்டியம் வாழ்த்துகின்றவன் கோட்டையரசனே என்று துணிதல் தகும். வைபவமாலையார் 18-ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்திலிருந்து எழுதியவர். அவர் காதில் விழுந்த பெயர் உண்மை. அப்பெயருக்கு அவர் தேடிய இடமே மாறிற்று. முருகன்கோயில் ஒன்றிற் சிங்கள மன்னன் பெயர் வாழ்த்தப்பெறுவதால் அக்கோயில் தமிழர்க்கு அயலாகிவிடவில்லை என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது.

கயவாகு என்னும் பெயரும் இவ்வாறே இரட்டித்து நிற்கின்றது. சிலப்பதிகாரம் கூறும் கயவாகு 2-ஆம் நூற்றாண்டினன். 1904-இற் கனகசபைப்பிள்ளை தம் ஆங்கில நூலில் இப்பெயரையே அடிப்படையாகக்கொண்டு செங்குட்டுவன் காலத்தையும் சங்ககாலத்தையும் வரையறுத்தார். கோணேசர் கல்வெட்டிற் கூறப்படும் கயவாகுவோ 12-ஆம் நூற்றாண்டிற் பொலனறுவையில் ஆண்ட இரண்டாம் கசபாகு ஆதல்கூடும். இருவரையும் ஒருவராக்கிப் பேசும் மேடைப்பேச்சுக்கள் இன்றும் கேட்கப்படுகின்றன.

ஊர்ப்பெயர்களை நோக்குமிடத்து நிதானம் இன்னும் மிகுதியாய் வேண்டும். தெற்கே மாத்தறைப் பகுதியில் வெலிகம. வடக்கே யாழ்ப்பாணத்தில் வலிகாமம். இரண்டும் மணலூர் என்னும் பொருளனவே எனப் பலரும் கொள்வர். ஹோஸ்பர்க் என்னும் ஆங்கில அதிகாரி 1916-இல் யாழ்ப்பாணத்துச் சிங்கள இடப்பெயர்கள் என ஒரு நிரல் வெளியிட்டபோது, அதனை மறுக்கத் தமிழறிஞர் பெரிதும் உழைத்தனர். நிரல் முற்றும் பொய்யன்று. அதினின்றும் பின்வந்தோர் பெற விரும்பிய முடிபே பிழை. நுவரகலாவியாவிற் 'குளம்' என்னும் தமிழ்ச்சொல் 'குளம' என நின்று கல்குளம முதலிய சிங்களக் கிராமங்கட்குப் பெயராயிருக்கின்றது. அக்கிராமத்தார் தமிழர் எனல் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவே வலிகாமத்தார் சிங்களர் எனலும் பொருந்தும்.

பழம்பெயர் ஒன்று ஒலிமாறி வழங்குதல் வேறு. ஆணையினால் மொழிபெயர்க்கப்படுதல் வேறு. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்னெல்லையிலுள்ள மணலாறு 1988-இல் வெலிஓயா என அரசினாற் பெயரிடப்பட்டது. 'வெலி' மணல், 'ஓயா' ஆறு. பெயரின் பொருள் ஓர் எழுத்தளவும் மாறவில்லை. ஆயின் அதற்கு முன்னரே, 1984-ஆம் ஆண்டின் இறுதியில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டிருந்தனர். வலிகாமத்திற் பெயர் மாறியதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. அவ்விடத்து வாழ்ந்தோர் வாயிலே அது மாறிற்று. மணலாற்றிலோ அதனை அவ்வாறு அழைத்தோர் அங்கு இல்லாதபோதே மாற்றம் நிகழ்ந்தது. வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருதட்டில் வைத்தல் ஆகாது.

தெய்வப்பெயர்களிடத்து இத்தகைய வழக்கு இல்லை. வன்னித் தமிழர் குளக்கட்டிலே வழிபடும் ஐயனார், நுவரகலாவியாச் சிங்களர்க்கு 'ஐயநாயக்க தெய்யோ'. பிள்ளையார் அவர்க்குப் 'புள்ளேயார்'. பார்க்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1909-இல் வெளியிட்ட நூலில் இத்தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அணை உடையாது காத்தற்குரிய தெய்வத்தை மொழியறிந்து வேறுபடுத்த எவரும் முயன்றிலர்.

எல்லாவற்றினும் மேலானது பத்தினி என்னும் பெயர். கண்டியின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினி தேவாலயம். கயவாகு பத்தினியின் சிலம்பை ஈழத்துக்குக் கொணர்ந்தான் என்று சிங்கள நூலாகிய இராசாவலிய கூறும். அதனினும் மிகப் பழைய மகாவமிசம் அதுபற்றி வாய்திறக்கவில்லை. சிங்களர் கோவலனைப் 'பாலங்க' என்பர். பத்தினி மாங்கனியிற் பிறந்தாள் என்பர். இது சிலப்பதிகாரத்தில் இல்லை. ஆனால் ஈழத்துத் தமிழர் கோயில்களிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில் உண்டு. மட்டக்களப்பிற் கண்ணகிக்காக ஆடப்படும் கொம்புமுறி விளையாட்டிற் கோவலன் பக்கத்தார் வடசேரியார், கண்ணகி பக்கத்தார் தென்சேரியார். சிங்களரின் 'அங்கெளிய' என்னும் கொம்பிழுப்பிலும் பாலங்கவுக்கு ஒரு கட்சி, பத்தினிக்கு ஒரு கட்சி. எனவே ஈழத்துத் தமிழரின் கண்ணகி, இளங்கோவடிகளின் கண்ணகிக்கு எவ்வளவு உறவோ அவ்வளவு உறவு சிங்களரின் பத்தினிக்கும் ஆவாள். யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல, ஆகமநெறி நாடியோரின் முயற்சியால் இராசராசேசுவரி கோயில்களாய்ப் பெயர்மாறின. அங்கு பெயரை மாற்றியோர் அயலார் அல்லர்.

வன்னியில் அம்மாற்றம் நிகழவில்லை. நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிற் கண்ணகி கண்ணகியாகவே நிற்கின்றாள். மதுரையை எரித்தபின் ஈழம் போந்த அம்மன் பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளையென வழங்கி, அது வற்றாப்பளையாயிற்று என்பது ஊரார் கூறும் பெயர்க்காரணம். கோவலன் கூத்தை முள்ளியவளை அண்ணாவிமார் வழிவழியாக ஆட்டுவித்து வந்தனர். வைகாசிப் பொங்கலுக்கு ஒருவாரம் முன்னரே முல்லைத்தீவுக் கடலினின்றும் தீர்த்தம் எடுக்கப்படுகின்றது. முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் அவ்வுப்புநீரிலே விளக்கேற்றப்பட்டு, அவ்வாரம் முழுதும் எரிகின்றது என்பது அடியார் நம்பிக்கை. அடுத்துவரும் திங்களன்று மடைப்பண்டம் எடுத்துக்கொண்டு மக்கள் வற்றாப்பளைக்கு நடந்து செல்கின்றனர்.