தோற்றுத் திரும்பிய பயணங்கள்: உதைபந்தாட்ட வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

வென்றவர்களின் புகழே வரலாற்றில் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றது. கல்வெட்டுக்களை வெட்டுவித்தவர்களும் மெய்க்கீர்த்திகளைப் பாடுவித்தவர்களும் வென்றவர்களே. எனினும், தோற்றவனைப் போற்றும் மரபும் தமிழுக்குப் புதியதன்று. வெண்ணிப் போரில் புறப்புண் பட்டு நாணி வடக்கிருந்த சேரமானை, வென்ற கரிகாலனிலும் நல்லவன் எனக் கரிகாலனிடமே கூறிய வெண்ணிக்குயத்தியாரின் பாடல் புறநானூற்றில் உண்டு. தோல்வி ஏன் நினைக்கப்படவேண்டும் என்ற வினாவை அப்புலவர் அன்றே எழுப்பிவிட்டார் எனலாம். அவ்வினாவை உதைபந்தாட்ட வரலாற்றோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து பிறந்ததன்று. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள கலேவெல எனது ஊராகும். பள்ளி நாட்களில், மூவின இளைஞரும் சேர்ந்தாடிய எங்களூர் அணியின் போட்டி ஒன்றைக் காண, லொறியொன்றின் பின்தட்டில் நின்றவாறே தம்புள்ளையையும் நாவுலையையும் கடந்து மாத்தளை நகருக்குச் சென்றேன். செல்லும்போது றபான் ஒலியும் பாட்டும் ஓயவில்லை. எட்டுக் கோல்கள் வாங்கி, ஒன்றும் போடாது தோற்றோம். திரும்பும்போது லொறியின் இயந்திர ஒலியைத் தவிர வேறொலி கேட்கவில்லை. சந்தியில் தேநீர்க் கடை முதியவர் ஒருவர், “என்ன தம்பிமாரே, எத்தனைக்கு எத்தனை?” என்று கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சே ஊரில் இல்லாது போயிற்று. அன்று எங்கே பிழைத்தோம் என்பதை இன்று எவராலும் கூற முடியாது. அதே எதிரணியிடம் மறுவருடமும் தோற்றோம் என்பது மட்டும் எனக்கு நன்கு நினைவிருக்கின்றது.

சொந்த மைதானத்தில் தோற்பவன் சற்று நேரத்தில் வீட்டுக்குள் புகுந்துகொள்ளலாம். வெளியூரில் தோற்பவனோ அத்தோல்வியைச் சுமந்துகொண்டு நெடுவழி திரும்ப வேண்டும். ஆகவேதான் வெளியூர்த் தோல்விகள் ஒரு சமூகத்தைப் பற்றி வேறெந்த ஆட்டமும் கூறாத செய்திகளைக் கூறுகின்றன.

பார்வையாளரின் பயணம்

உதைபந்தாட்டம் காண நெடுந்தூரம் செல்லும் வழக்கம் புகைவண்டியோடு வளர்ந்தது. கீழைத்தேயத்தில் இதற்குச் சிறந்த சான்று கல்கத்தாவாகும். 1911 யூலை 29ஆந் திகதி மோகன் பகான் அணி, கிழக்கு யோக்சயர் படையணியை 2–1 என வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைப் பெற்றது. பதினொருவருள் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். அவ்வாட்டத்தைக் காண வங்காளத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் புகைவண்டியிலும் நீராவிப் படகிலும் வந்து திரண்டனர். ஆண்ட இனத்தின் படையணி ஆளப்பட்டோரிடம் தோற்றதைக் கண்ணாற் காண்பதே அவர்களுடைய பயணத்தின் பயனாக அமைந்தது.

இதற்கு நேரெதிரான பயணம் ஒன்றும் வரலாற்றில் உண்டு. இரண்டாண்டுக்கொருமுறை இலண்டனின் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை எதிர்த்து ஸ்கொத்லாந்து ஆடுவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. அப்பயணத்துக்காக ஸ்கொத்லாந்தின் தொழிலாளர், வேலைத்தலங்களிலும் மதுச்சாலைகளிலும் கூட்டுச் சேமிப்பு நடத்தி, வாரந்தோறும் சிறு தொகை செலுத்தி வந்தனர். 1961 ஏப்பிரல் 15ஆந் திகதி அவ்வாறு சென்றோர் கண்டது 9–3 என்ற தோல்வியை. இரண்டாண்டுச் சேமிப்பு ஒன்றரை மணி நேரத்திற் கரைந்தது. ஆயினும் சேமிப்புக் கூட்டங்கள் கலையவில்லை. 1967இல், அதே ஏப்பிரல் 15ஆந் திகதி, உலகக் கிண்ணத்தை வைத்திருந்த இங்கிலாந்தை அதே வெம்பிளியில் ஸ்கொத்லாந்து 3–2 என வென்றது. முன்னைய தோல்வியைக் கண்டிராதவர்க்கு அவ்வெற்றியின் முழுச்சுவையும் கிட்டியிருக்க முடியாது.

இல்போட்டிலிருந்து ஹெல்சிங்கிக்கு

நம் அயலிலிருந்து புறப்பட்டு மிகத் தொலைவிற் சென்று மிக மோசமாகத் தோற்ற அணியென 1952இன் இந்திய அணியைக் குறிப்பிடலாம். அதன் கதை நான்காண்டுகள் முன்னரே தொடங்குகின்றது.

சுதந்திர இந்தியாவின் அணி 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடியபோது ஆட்டக்காரரிற் பெரும்பாலோர் சப்பாத்து அணியவில்லை. யூலை 31ஆந் திகதி, இல்போட் என்னும் இடத்தில் பிரான்சை எதிர்த்தாடி 1–2 எனத் தோற்றனர். இந்தியாவின் கோலைப் போட்டவர் சாரங்கபாணி இராமன். தமக்குக் கிடைத்த இரு தண்ட உதைகளையும் இந்தியர் தவறவிட்டனர். அவற்றுள் ஒன்றேனும் கோலாகியிருப்பின் முடிவு வேறாகியிருக்கலாம். எனவே, தோற்றவர்கள் தலைநிமிர்ந்தே திரும்பினர். 1951இல் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், இறுதியாட்டத்தில் ஈரானை 1–0 என வென்று தங்கப் பதக்கமும் பெற்றனர். வெறுங்கால் ஆட்டம் பெருமைக்குரிய தனிமரபாகவே எண்ணப்பட்டது.

1952 யூலை 15ஆந் திகதி ஹெல்சிங்கியில் அந்த எண்ணம் தகர்ந்தது. எதிரணி யூகோசிலாவியா. இடைவேளையின்போதே 5–0. ஆட்டமுடிவில் 10–1. செபெக் என்னும் ஆட்டக்காரர் ஒருவரே நான்கு கோல்கள் போட்டார். இந்தியாவின் ஒரேயொரு கோலை அகமது கான் ஆட்டம் முடியுந் தறுவாயிற் போட்டார். சைலன் மன்னா தலைமை தாங்கிய, ஆசியாவின் முதல்வர் எனப் போற்றப்பட்ட அணி, ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தோடு வெளியேறிற்று.

காரணம் தேடுதல்

வரலாற்று மாணவனுக்கு இங்கேதான் வேலை தொடங்குகின்றது. தோல்விக்குக் காரணம் சப்பாத்து இன்மையே என்பது அன்றுதொட்டு வழங்கும் விளக்கமாகும். குளிர்மிக்க வடநாட்டு மைதானத்தில் வெறுங்காலோடு ஆடுவது இடர் மிக்கதே என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு தோல்விக்கு ஒரே காரணம் கூறுவது மனத்துக்கு ஆறுதலளிக்கலாம். உண்மையை முற்றாக விளக்காது.

முதலாவதாக, எதிரணியின் வலிமையை நோக்கவேண்டும். அதே யூகோசிலாவியா சில நாட்களின் பின் சோவியத் யூனியனோடு 5–5 எனச் சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3–1 என வென்றது. இறுதியாட்டத்தில் புஷ்காஸ் முதலியோரைக் கொண்ட ஹங்கேரியிடம் 0–2 எனத் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. சோவியத் அணிக்கே ஐந்து கோல்கள் போட்டவர்களிடம் இந்தியா பத்து வாங்கியது என்று நோக்கும்போது அந்த எண்ணின் பொருள் சற்று மாறுபடுகின்றது.

இரண்டாவதாக, ஆட்ட நேரம். தொண்ணூறு நிமிடம் ஆடும் பழக்கம் இந்தியருக்குப் போதாதிருந்தது என்பர். 1951 ஆசிய விழாவின் ஆட்டங்களே எண்பது நிமிடங்களுக்கு வரையறுக்கப்பட்டிருந்தன. இக்காரணத்தில் உண்மை உண்டு. ஆயினும், களைப்பே முழுக்காரணமாயின் இரண்டாம் பாதியில் கோல்கள் மலிந்திருக்க வேண்டும். முதற்பாதியில் ஐந்து, இரண்டாம் பாதியிலும் ஐந்து. களைப்படையுமுன்னரே இந்தியர் தோற்றுவிட்டனர் என்பதே இதன் பொருள். சப்பாத்துக்கும் உடல்வலிவுக்கும் அப்பால், ஆட்டமுறையிலேயே குறை இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவதாக, தோல்விகளைச் சுற்றிக் கட்டுக்கதைகள் வளர்வதையும் மனங்கொள்ளவேண்டும். 1950 உலகக் கிண்ணப் போட்டிக்கு இந்தியா செல்லாமைக்கு, வெறுங்காலுடன் ஆடுவதை உலகச் சம்மேளனம் தடுத்ததே காரணம் என்ற கதை இன்றும் வழங்குகின்றது. அவ்வாறு தடை இருந்திருப்பின், இரண்டாண்டுகளின் பின் ஹெல்சிங்கியில் வெறுங்கால்கள் எவ்வாறு களமிறங்கின? அணித் தெரிவில் எழுந்த கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய காலமின்மை ஆகியனவே அன்று இந்தியச் சம்மேளனம் கூறிய காரணங்கள். உலகக் கிண்ணத்திலும் ஒலிம்பிக்கே பெரிதென அக்காலத்தோர் கருதியதையும் இவற்றோடு சேர்த்து நோக்கவேண்டும்.

தோல்வியிற் கற்றல்

ஹெல்சிங்கித் தோல்வியின் பின் சப்பாத்து அணிவது இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. அது எளிதான பாடம். அரிய பாடத்தைக் கற்றவர், தோற்ற அணியின் பயிற்றுநரான சையத் அப்துல் ரகீம். ஹைதராபாத்தைச் சேர்ந்த இவர் ஆசிரியத் தொழில் புரிந்தவர். ஒருவரே பந்தை நெடுநேரம் கொண்டோடும் முறையைக் குறைத்து, விரைவாகவும் ஒருவர்க்கொருவர் இயைந்தும் ஆடும் முறையை அவர் வளர்த்தார்.

பயன் நான்காண்டுகளிற் கிட்டியது. 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யூகோசிலாவியா. முதற் கோலைப் போட்டது இந்தியாவே. பின்னர் 1–4 எனத் தோற்று, இறுதியில் நான்காமிடம் பெற்றது. 10–1 இலிருந்து 4–1 க்கு வந்த வழி பதக்கப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றில் அவ்வழியே முதன்மையானது.

1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விழாவில், முதற் சுற்றிலே தென்கொரியாவிடம் இந்தியா 0–2 எனத் தோற்றது. இஸ்ரவேலும் தாய்வானும் விழாவுக்கு அனுமதிக்கப்படாமையை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்தமையால், இறுதியாட்டத்தில் பெருங்கூட்டம் இந்தியருக்கு எதிராகவே ஆர்ப்பரித்தது. தலையிற் காயமுற்றிருந்த ஜர்னைல் சிங் முன்னணியில் ஆடிக் கோல் போட்டார். அதே தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. பீட்டர் தங்கராஜ், துளசிதாஸ் பலராம் முதலியோர் அவ்வணியைச் சேர்ந்தவர்கள். மறுவருடம், 1963இல், ரகீம் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் அந்த உயரத்தை இந்திய உதைபந்தாட்டம் எட்டவில்லை. கற்ற பாடம் ஒருவரோடு மறைந்துவிடக் கூடியதென்பதையும் இது உணர்த்துகின்றது.

ஆண்ட நாட்டின் வரலாறும் இவ்வாறே அமைந்தது. 1953 நவம்பர் 25ஆந் திகதி வெம்பிளியில் ஹங்கேரியிடம் 3–6 எனத் தோற்ற இங்கிலாந்து, 1954 மே 23ஆந் திகதி புடாபெஸ்ற் சென்று 1–7 எனத் தோற்றது. முன்னைய ஆட்டத்திற் களத்தில் நின்று அத்தோல்வியை அனுபவித்த அல்ப் ராம்சியே, 1966இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் பயிற்றுநராவார்.

நமது நிலை

இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் தோன்றியது. 1952இல் கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகளுடன் கொழும்புக் கிண்ணப் போட்டி தொடங்கிற்று. 1964 சனவரியில் கிழக்கு ஜேர்மன் அணி கொழும்புக்கு வந்து இலங்கையை 12–1 என வென்றது. வென்றவர்கள் அவ்வாண்டே தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றனர். ஹெல்சிங்கித் தோல்வி நூல்கள் பலவற்றுக்குப் பொருளாயிற்று. நம்முடைய 12–1, புள்ளிவிபரப் பட்டியலொன்றில் ஒரு வரியாகவே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தென்னாசியக் கிண்ணத்தைப் பெற்றதையோ பலரும் நினைவுகூர்வர்.

தோல்வியை மறப்பது பெருந்தன்மை என நாம் கருதுகின்றோம். உண்மையில் அது இழப்பாகும். இந்தியர் பத்துக் கோல்களையும் எண்ணி வைத்திருந்தமையாற்றான் எங்கே குறையென்று தேட முடிந்தது. எங்கள் கலேவெல அணி எட்டுக் கோல்களையும் வாய்மூடி விழுங்கிற்று, மறுவருடமும் தோற்றது. ஊர் அணிகளின் பழைய புகைப்படங்களும், கூட்டக் குறிப்பேடுகளும், முதிய ஆட்டக்காரரின் நினைவுகளும் நாள்தோறும் அழிந்துவருகின்றன. வரலாறு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும்போது, வெற்றிகளை மட்டுமன்றி இத்தோல்விகளையும் கேட்டு எழுதுவார்களாயின், மக்களின் வரலாறு என்று நாம் பேசுவதற்குப் பொருள் உண்டாகும்.

அன்று சந்தியில் நின்று கேட்ட அம்முதியவர் இன்று இல்லை. அவருக்குக் கூறவேண்டிய விடையைக் காலந்தாழ்த்தியேனும் இங்கு எழுதி வைக்கின்றேன்: எட்டுக்கு ஒன்றுமில்லை, ஐயா.