பித்த உப்பும் கடற்பாசியும்: தேர்வு ஊடகம் உருவான வரலாறு

குடிநீரில் மலக்கலப்பு உண்டா என ஆராய்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்க்குத் தடையாக நின்றது கிருமிகளின் இன்மையன்று, அவற்றின் மிகுதியே. ஒரு துளிக் கழிவுநீரிலேயே பல்வேறு உயிரிகள் முளைத்தன. அவற்றுள் குடலிலிருந்து வந்தவற்றை மட்டும் பிரித்தறிவது எவ்வாறு?

இங்கிலாந்தின் கழிவுநீர் அகற்றல் அரச ஆணையத்திற்காக ஆய்வு செய்த ஆல்ஃபிரெட் தியடோர் மெக்கன்கி, கிருமியின் இருப்பிடத்திலிருந்தே விடையைத் தேடினார். குடலில் வாழும் உயிரி பித்தநீரைத் தாங்கப் பழகியது. ஆகவே பித்த உப்பு கலந்த ஊடகத்தில் பிற இனங்கள் பல ஒடுங்க, அது தழைக்கும். 1900இல் தொடங்கிய இம்முயற்சி, 1905இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் விரிவு பெற்றது. பித்த உப்போடு லாக்டோஸும் நியூட்ரல் ரெட் சாயமும் சேர்ந்த ஊடகத்தில், லாக்டோஸைப் புளிக்கச் செய்யும் எ.கோலை செந்நிறத் திட்டுகளாக வளரும். அதைப் புளிக்கச் செய்யாத டைபாய்டுக் கிருமியோ நிறமற்று நிற்கும். கண்ணை உறுத்தும் சிவப்பைவிட நிறமின்மையே அஞ்சத்தக்கது என்பது இத்தட்டைப் படிப்போர் முதலில் கற்கும் பாடம்.

ஆயினும் பித்த உப்பைத் தாங்கி நிற்கும் தளம் பற்றி வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பதே என் கருத்து. ராபர்ட் காக் முதலில் கையாண்ட ஜெலட்டின், உடற்சூடான 37 பாகையில் உருகிவிடும். சில கிருமிகள் அதைக் கரைத்தும் விடும். குடற்கிருமியை உடற்சூட்டில் வளர்த்துக் காண அது உதவாது. 1881இல் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேக்கு, அவர் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே அகாரைப் பரிந்துரைத்தார். பழக்கூழ் உறைய அவர் அதைச் சமையலறையில் பயன்படுத்தி வந்தார்; ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டாரிடமிருந்து அதை அறிந்திருந்தார். கொதிநிலையை அண்டி உருகி, 40 பாகையை ஒட்டி உறையும் அகார், 37 பாகையில் உருகாது நிற்கும். 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய காக், அகாரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே இணையரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

'அகார் அகார்' மலாய்ச் சொல். மலேசியத் தமிழர் அச்சொல்லாலேயே வழங்கும் பண்டத்தை இராமநாதபுரத்து முஸ்லிம் இல்லங்கள் 'கடற்பாசி' என நோன்பு திறக்கும் வேளையில் பரிமாறுகின்றன. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கப்படுகிறது. அவர்கள் பாசி சேகரிக்கும் தீவுக்கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பறிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு.